மணமகளை அலங்கரிப்பவர் உணவருந்தினாரா?

திருமண வீடுகளில் "சாப்பிட்டீர்களா?" என்ற கேள்வி நூறு முறையேனும் ஒலிக்கும். சம்பந்தி வீட்டாரைக் கேட்போம். தொலைவிலிருந்து வந்த உறவினரைக் கேட்போம். மேளக்காரரையும் நிழற்படம் எடுப்பவரையுங்கூட யாரேனும் ஒருவர் பந்திக்கு அழைத்துச் சென்றுவிடுவார். ஆயின் மணமகள் அறையின் கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டு, பொழுது புலருமுன்னரே நின்ற நிலையில் வேலை செய்யும் ஒரு பெண்மணியை அக்கேள்வி எட்டுவது அரிது. மணமகளின் கூந்தலை வாரிப் பூச்சடை தைத்து, முகத்திற்கு ஒப்பனையிட்டு, சேலையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஊக்குக் குத்தி, அவளைக் கோயில் வாயில்வரை கொண்டுவந்து விடும் அந்த ஒப்பனைக் கலைஞரைப் பற்றி இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம்.

குடும்ப இதழில் ஒப்பனையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் நினைக்கலாம். அழகுக் குறிப்புகள் எவற்றையும் நாம் இங்கே தரப்போவதில்லை. பிறர் மகிழ்ச்சிக்காக உழைக்கும் ஒரு தாயின் உடல்நலமே நம் பொருள்.

திண்டுக்கல்லை அடுத்த ஒரு பங்கில் வாழும் அப்பெண்மணியை ஓர் ஆடி மாதப் பிற்பகலில் அவர் இல்லத்தில் சந்தித்தோம். வயது நாற்பத்தொன்று, இரு பிள்ளைகளின் தாய். கணவர் நூற்பாலைத் தொழிலாளி. சொந்தமாக அழகு நிலையம் ஏதும் இல்லை. அழைத்த வீட்டிற்குச் சென்று அலங்கரித்து வருவதே பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் தொழில். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாள்காட்டிகள்

அவர் வீட்டுச் சுவரில் இரண்டு நாள்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று முகூர்த்த நாள்களைக் காட்டும் தினசரி. மற்றொன்று நம் மறைமாவட்டம் வெளியிடும் நாள்காட்டி. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் திருமணம் இல்லை. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் நம் வீடுகளில் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுநாள் முதல் கோயில் திருமணங்கள் நெருக்கிக்கொண்டு வரும். தை, வைகாசி, ஆவணி மாதங்களிலோ ஒரே நாளில் மூன்று வீட்டார் அழைப்பர். ஆக, ஒரு மாதத்தில் பதினான்கு திருமணங்கள். அடுத்த மாதத்தில் ஒன்றுகூட இல்லை. உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் இந்த ஏற்ற இறக்கத்தில் அகப்பட்டுக்கொள்கின்றன.

"காலை 4.30 மணி முகூர்த்தம் என்றால், நான் ஒன்றரை மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்கு வீட்டை விட்டுப் பன்னிரண்டரைக்குப் புறப்பட வேண்டும். அப்படியானால் எப்பொழுது உறங்குவது, நீங்களே சொல்லுங்கள்," என்று அவர் கேட்டபோது நமக்கு விடை கூறத் தெரியவில்லை. முந்திய நாளிலும் ஓய்வு கிடையாது. சேலையை மடிப்பு மடிப்பாக இஸ்திரி போட்டு வைக்க வேண்டும். நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து பூ வந்து சேர்ந்ததா என்று விசாரிக்க வேண்டும். சவுரி, குஞ்சம், கொண்டை ஊசி, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் என ஒவ்வொன்றையும் எண்ணிப் பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டியின் எடை பதினைந்து கிலோவுக்குக் குறையாது.

ஒரு மணப்பெண்ணுக்கு ரூ. 12,000 வாங்குகிறார் என்று கேட்டால் நம்மில் பலர் வியப்போம். கணக்கைப் பார்ப்போம். நள்ளிரவில் பேருந்து இல்லாமையால் வாடகைக் காருக்கு ரூ. 2,500, உதவிக்கு வரும் பெண்ணுக்கு ரூ. 1,500, ஒப்பனைப் பொருள்களுக்கு ரூ. 2,000. எஞ்சுவது ரூ. 6,000. இதுவும் முழுதாகக் கைக்கு வந்தால்தான். முன்பணம் கொடுத்தவர்கள் மீதியை, "மொய்க் கணக்குப் பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று தள்ளிப்போடுவது வழக்கம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தபோது கோடைகாலத் திருமணங்கள் பல ஒத்திப்போடப்பட்டன. பின்னர் ஐம்பது பேருக்கு மிகாமல் நடத்தலாம் என்று அனுமதி கிடைத்தபோது, பல வீட்டார் தாங்களே பவுடர் பூசி முடித்துக்கொண்டனர். அவ்வாண்டில் இவர் தம் வளையல் இரண்டை அடகு வைத்தார்.

இக்கலையைப் பெண்களுக்கே உரியதென நாம் எண்ணுகிறோம். ஆனால் நல்ல ஊதியம் கிடைக்கும் திரைப்படத் துறையில், ஒப்பனைக் கலைஞர் என்னும் உரிமை அட்டையைப் பெண்களுக்குச் சங்கங்கள் பல்லாண்டுகளாக வழங்க மறுத்தன. கூந்தல் அலங்காரத்தோடு அவர்கள் நின்றுவிட வேண்டியிருந்தது. சாரு குரானா என்னும் கலைஞர் தொடுத்த வழக்கில், அத்தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 நவம்பர் மாதத்தில்தான்.

நின்றே செய்யும் தொழில்

மணமகளை ஒரு தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்திவிடுவார்கள். அவர் முகத்தருகே குனிந்தபடி இரண்டு அல்லது மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். கண்ணுக்கு மை தீட்டும்போது மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டும். மின்விசிறி சுழன்றால் பவுடர் பறக்கும் என்று அதை நிறுத்திவிடுவர். ஒப்பனை முடியும் வேளையில், "அப்படியே இந்தச் சித்திக்கும் ஒரு கொண்டை போட்டுவிடுங்கள் அக்கா, பெரியம்மாவுக்குச் சேலை மட்டும் கட்டிவிடுங்கள்," என்று வரிசையாக வருவார்கள். பேசிய ஊதியத்தில் இவையெல்லாம் அடங்கா. ஆயினும் மறுத்தால், "முகம் கொடுத்துப் பேசாதவர்" என்ற பெயர் வந்துவிடும். அடுத்த அழைப்பு வராது.

புது இடத்தில் கழிவறைக்குச் செல்லத் தயங்கி அவர் தண்ணீரே குடிப்பதில்லை. பதினோரு மணியளவில் பந்தியில் அமரும்போது பசி எல்லை மீறியிருக்கும். கேசரியும் பொங்கலும் வடையும் அளவின்றி உள்ளே செல்லும். வீடு திரும்பிப் பகலில் உறங்கி, மாலையில் தலைவலியுடன் எழுவார். உறக்கம் குறைந்தால் பசி மிகும், இனிப்பின்மீது நாட்டமும் மிகும் என்பது மருத்துவர்கள் கண்டறிந்த உண்மை.

இவ்வாறு பத்தாண்டுகளில் அவர் உடல் எடை பத்தொன்பது கிலோ கூடியது. காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் தைத்தாற்போல் வலித்தது. கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்தன. ஆனால் உடல் வலியைக் காட்டிலும் வாய்ச்சொற்களே அவரை அதிகம் வருத்தின. "ஊருக்கெல்லாம் அழகு செய்கிறவர் தம் உடம்பைக் கவனிக்கக் கூடாதா?" என்று ஒரு மணமகளின் அத்தை அறையிலேயே சொல்லிச் சிரித்தாராம். இளம் கலைஞர்கள் தாம் அலங்கரித்த பெண்ணோடு நின்று படம் எடுத்து வெளியிட்டு அழைப்புகளைப் பெறும் காலத்தில், இவரோ படம் எடுக்கும் வேளையில் பெட்டியை அடுக்குவதாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்வார்.

தோற்றுப்போன முயற்சிகள்

முயற்சியே செய்யாதவர் என்று அவரைக் கூற இயலாது. உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் மூன்று மாதக் கட்டணத்தை முன்னதாகவே கட்டினார். பதினோரு நாள்களே சென்றார். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. அந்நிலையம் திறக்கும் விடியற்காலத்தில் அவர் வேறெங்கோ பூச்சடை தைத்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு, சோற்றையும் எண்ணெயையும் அறவே விட்டு ஓட்ஸ் கஞ்சியை மட்டும் குடித்தார். பத்தொன்பதாம் நாள், வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு திருமண வீட்டில், மணமகளின் தலையில் முக்காட்டைப் பொருத்திக்கொண்டிருந்தபோது கண் இருண்டு சுவரோரம் சரிந்தார். நல்லவேளையாக, கையிலிருந்த ஊசி மணமகள்மேல் படவில்லை. "அன்று என் தொழிலே முடிந்தது என்று நினைத்தேன்," என்று கூறியபோது அவர் குரல் தழுதழுத்தது.

கணவரின் ஆலைவேலை காரணமாக ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அவருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. அங்கே இரத்தத்தைச் சோதித்தனர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்று வந்தது. இந்த அளவு 5.7 முதல் 6.4 வரை இருப்பின் அது சர்க்கரை நோயின் முன்நிலை, 6.5ஐத் தொட்டால் நோய். இடுப்பளவு 94 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்பர். மருத்துவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "எடையைக் குறைக்க வேண்டும் என்று தொடங்காதீர்கள், அம்மா. இன்னும் இருபது ஆண்டு நின்று வேலை செய்ய வேண்டும் என்று தொடங்குங்கள்," என்றார்.

இந்த அறிவுரைக்குத் தக்க சான்று நம் தமிழகத்திலேயே உண்டு. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் முன்நிலையிலிருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. உணவை ஒழுங்குபடுத்தி அன்றாடம் நடந்தவர்களிடையே நோயாக மாறும் அபாயம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாதபோதும் இப்பயன் கிட்டியது என்பதே கவனிக்கத்தக்கது. தராசின் முள் அசையவில்லை என்று மனம் உடைந்து முயற்சியைக் கைவிடுவோர் இதனை நினைவில் கொள்வது நலம்.

சிறு சிறு மாற்றங்கள்

வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதனை ஒரே மூச்சில் செய்ய வேண்டுவதில்லை. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். இச்செய்தி நம் பெண்மணிக்கு ஒரு விடுதலையாக அமைந்தது.

முகூர்த்தம் இல்லாத நாள்களில், அன்பியத்தைச் சேர்ந்த இரு பெண்களோடு மாலையில் கோயில் மைதானத்தை ஆறு சுற்று வருகிறார். வீட்டில், கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து அமர்கிறார். சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுகிறார். மணமகள் நகை அணியும்வரை காத்திருக்கும் நேரத்தில், குதிகாலை உயர்த்தி இறக்குகிறார். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றையும், மடக்கி எடுத்துச் செல்லத்தக்க உயரமான நாற்காலி ஒன்றையும் வாங்கினார். மணமகள் உயர்ந்து அமர்வதால், இவர் குனிவது குறைந்தது. சம்படத்தில் அவித்த முட்டை இரண்டு, வறுத்த கடலை, ஒரு வாழைப்பழம். தோளில் தண்ணீர்ப் புட்டி. அடுத்தடுத்த இரு இரவுகளில் வேலை ஒப்புக்கொள்வதில்லை என்றும் முடிவு செய்தார். அதனால் வருமானம் சிறிது குறையத்தான் செய்தது.

இவற்றுள் பெரிய மாற்றம் வீட்டிலேதான் நிகழ்ந்தது. ஒருநாள் அவர் கணவர், "முகூர்த்தத்திற்கு முந்திய மாலையில் அடுப்படி என் பொறுப்பு. நீ ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படு, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றாராம். முதல் வாரம் தோசை கருகியது, பிள்ளைகள் முணுமுணுத்தனர். இப்பொழுது பழகிவிட்டது. அந்த ஐந்து மணி நேர உறக்கம் போதுமானதன்று. ஆயினும் முன்பு அதுவும் இல்லை.

ஓராண்டு கடந்தது. எடை குறைந்தது நான்கு கிலோ மட்டுமே. சர்க்கரைச் சராசரி 5.8க்கு இறங்கியுள்ளது. குதிகால் வலி அகன்றது. வெற்றி பெற்றுவிட்டதாக அவர் கூறவில்லை. "வைகாசி வந்தால் நடையெல்லாம் நின்றுவிடும். ஆனியில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். முன்பு நின்றுபோனால் அழுவேன், இப்பொழுது அழுவதில்லை," என்றார். இவ்வாறு மீண்டும் தொடங்கும் மனத்திண்மையையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

நம் கடமை என்ன?

அப்பெண்மணி தம் பங்கைச் செய்துவிட்டார். திருமணம் நடத்தும் குடும்பங்களாகிய நமக்கும் கடமை உண்டன்றோ? மணமகள் அறையில் உயரமான நாற்காலி ஒன்றும், வெளிச்சமும், தூய கழிவறையும் இருக்கின்றனவா என்று முன்னரே பார்ப்போம். பேசிய வேலைக்கு மேல் கேட்பதாயின் அதற்குரிய ஊதியத்தையும் பேசுவோம். மீதித் தொகையை அவர் பெட்டியை மூடுமுன் கையில் கொடுப்போம். கூலி கேட்டு மீண்டும் ஒருமுறை வாயில்படி ஏறச் செய்வது நமக்கு அழகன்று. அவருடைய உடலைப் பற்றிய சொல் எதுவும் நம் நாவில் வாராதிருக்கட்டும்.

இத்தொழிலிலிருக்கும் நம் பெண்களுக்கும் ஒரு சொல். படுத்துவிட்டால் உங்கள் ஊதியத்தை ஈடு செய்ய எவரும் இல்லை. எனவே ஆண்டுக்கொரு முறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். அமைப்புசாராத் தொழிலாளருக்கென மைய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ஈ-ஷ்ரம் பதிவேட்டில், 16 முதல் 59 வயதுக்குட்பட்ட நீங்களும் பதிவு செய்துகொள்ளலாம்.

சென்ற தை மாதம் ஒரு திருமண வீட்டில், மணமகளின் பாட்டி விடியற்காலை மூன்று மணிக்குக் கதவைத் தட்டினாராம். கையில் ஒரு தட்டு. அதில் நான்கு இட்டிலி. "பிள்ளைக்குத்தான் கொண்டுவந்தீர்களா, அம்மாச்சி?" என்று இவர் கேட்க, "அவளுக்கு அப்புறம். நின்று வேலை செய்கிறவள் நீதானே, நீ சாப்பிடு," என்றாராம் அம்மூதாட்டி. பன்னிரண்டு ஆண்டுத் தொழிலில் அவ்வாறு ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை என்று அப்பெண்மணி நம்மிடம் சொன்னார்.

நம் இல்லத்தில் அடுத்த திருமணம் நடக்கும்போது, நாமும் அக்கதவை ஒருமுறை தட்டுவோமா?