ஒரு பகடை, இரு பகடை, எண் பகடை

1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்வோர் ஆளுக்கொரு கதைமாந்தராகி, பேச்சினாலேயே கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் அது. அதன் இன்றைய வடிவில், ஐயமுள்ள செயல்களின் முடிவை இருபது முகப் பகடை சொல்கிறது. பகடை எவர் பக்கமும் சாய்வதில்லை. எனினும் வலிமைக்கு எவ்வளவு, வாய்ப்புக்கு எவ்வளவு எனப் பங்கிடுவது, அதை உருட்டச் சொல்லும் நெறியே.

அரக்கன் ஒருவன் கதவைத் தள்ளுகிறான். உள்ளிருந்து மறவன் தடுக்கிறான். அரக்கன் மட்டும் உருட்ட, மறவனின் வலிமையை 11 என்னும் இலக்காக நிறுத்துவோம். வலிமையில் இருவரும் நிகரெனில் கதவு திறக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. அரக்கனுக்குப் பத்துப் புள்ளி மிகுதியெனில், பகடையில் 1 விழுந்தாலும் கூட்டுத்தொகை 11. கதவு திறந்தே தீரும்.

இனி இருவரும் உருட்டட்டும். இரு பகடைகளும் விழும் வகைகள் 400. நிகரானவரிடையே ஒவ்வொருவரும் 190 வகைகளில் வெல்வர். எஞ்சிய 20 சமன். சமன் நேர்ந்தால் முன்னிருந்த நிலையே நீடிக்கும் என்பது 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் நெறி. ஆகவே மூடிய கதவு மூடியே கிடக்கும். தடுப்பவன் பக்கம் 210 வகைகள் சேர்ந்துவிடும். பத்துப் புள்ளி மிகுந்த அரக்கனும் 345 வகைகளில்தான் வெல்வான். ஏறத்தாழ ஏழில் ஒருமுறை கதவு அவனுக்குத் திறப்பதில்லை.

இதன் காரணம் எளிது. ஒற்றைப் பகடையில் எண்கள் சமவெளிபோல் பரவியுள்ளன. ஒவ்வொரு புள்ளியும் 5 விழுக்காடு பெறும். இரு பகடைகளின் வேறுபாடோ குன்றுபோல் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிறது. அங்கே முதற்புள்ளி 5 விழுக்காடு தரும். பத்தாம் புள்ளி தருவது 2.75 மட்டுமே.

பகடைகள் பெருகினால் நெறி கொடிதாகவும் கூடும். நால்வர் நான்கு காவலரைக் கடந்து மறைந்து செல்கின்றனர். எண்மரும் திறத்தில் நிகர். ஒவ்வொருவரும் உருட்ட, காவலர் அனைவரையும் நால்வரும் விஞ்சவேண்டும் என்பது நெறியாயின் என்னாகும்? சமன்களை விலக்கி எண்ணினால், எட்டு எண்களுள் உயர்ந்த நான்கும் எந்த நால்வருடையவை என்பதற்கு 70 வகைகள் உண்டு. மறைந்து செல்வோர்க்கு உகந்தது ஒன்றே. தோற்றவர் தம் கைராசியை நொந்துகொள்வர். அவர்களைத் தோற்கடித்தது நெறி. குழுவில் பாதிப்பேர் வென்றால் போதும் என்னும் குழுச்சோதனை, இத்தகைய கொடுமையைத் தணிக்க நல்வழி.

ஆகவே நெறி வகுப்போர் எழுதுமுன் எண்ணவேண்டும். ஏழில் ஒருமுறை அக்கதவு தாங்கிநிற்கவேண்டும் என விரும்புவோர், மறவன் கையிலும் ஒரு பகடையைத் தருக.