செஞ்சிக் கோட்டையும் கூத்தும்

செஞ்சியென்றவுடன் கோட்டையே நினைவிற்கு வருகின்றது. 1677-ல் சிவாஜி மகாராஜா அதனைக் கைப்பற்றினார். 1698-ல் மொகலாயரும், 1750-ல் பிரெஞ்சுக்காரரும், 1761-ல் ஆங்கிலேயரும் கொண்டனர். 2025-ல் மராட்டியரின் 12 கோட்டைகளுள் ஒன்றாக அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மகிழ்ச்சியே. ஆயினும், வாளெடுத்தோர் பிரித்த ஜனங்களைச் சலங்கை கட்டியோர் சேர்த்த வரலாறும் அம்மலையடிவாரத்திற்கு உண்டென்பதை நாம் நினைவூட்ட விரும்புகிறோம்.

பழைய செஞ்சியாகிய மேலச்சேரியில் திரௌபதியம்மன் கோயிலொன்று உளது. இவ்வம்மனின் திருவிழாக்களில் இரவெல்லாம் தெருக்கூத்து நடைபெறும். அம்மனுக்குக் காவல் நிற்பவன் யார்? முத்தால ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரன்! 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்குராஜனோ புந்தேல ராஜபுத்திரன். அவனோடு உயிர்விட்ட ஆருயிர்த் தோழன் ஒரு முஸ்லிம் என்பது கதைப்பாட்டு. வடநாட்டானைத் தமிழ் ஜனங்கள் தம்மவனாக்கிப் பாடியும் ஆடியும் வருகின்றனர்.

ஜாதிபேதம் கூத்துக் களத்தை முற்றும் விட்டொழிந்ததென்று நாம் கூறவில்லை. ஆனால், மத்தளம் முழங்க வேஷக்காரர் சுழன்றாடுகையில், கட்டியக்காரனின் பரிகாசத்திற்கு அனைவரும் ஒருங்கே நகைக்கின்றனர். நூறு பிரசங்கங்கள் செய்யாததை அந்நகைப்பு செய்கின்றது.

கல்லைக் காக்கச் சர்க்கார் இருக்கின்றது. ஆடும் காலைக் காப்போர் யார்? பருவம் கழிந்தால் கூலிவேலை தேடும் கூத்தர் பலர். ஒற்றுமை பேசும் அன்பர்கள் தத்தம் ஊர்த் திருவிழாவில் கூத்துக்கு இடமும், கூத்தருக்குத் தக்க சன்மானமும் அளிப்பார்களாக.