சோயா விலைக்கு யார் பேசுகிறார்கள்? நமக்கும் அதில் பங்கு உண்டு



ஸ்ரீரங்கத்தில் நடந்த நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் வருகைப் பதிவு, கடன் தவணை எல்லாம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் பேச்சு முட்டை விலைக்குத் திரும்பியது. தள்ளுவண்டி, டிபன் கடை என்று முட்டையை நம்பித் தொழில் செய்யும் உறுப்பினர்கள் நம்மிடம் உண்டு. "முட்டைக்கு அம்பது காசு ஏறினாலும் அடி வாங்குறது நாங்கதான்" என்றார் ஒருவர். துறையூர் பக்கத்திலிருந்து வந்திருந்த அக்கா உடனே திருப்பிக் கேட்டார். "முட்டை விலை ஏறுது, சரி. அந்தக் கோழி திங்கிற மக்காச்சோளம் எங்க காட்டுல விளையுது. அதுக்கு ஏறலையே! நடுவுல அந்தக் காசு எங்க போவுது?"

"எங்க வீட்டுல முட்டையே கிடையாது, மீல் மேக்கர்தான்" என்று ஸ்ரீரங்கத்துச் சகோதரி ஒருவர் சிரித்தார். அவரும் தப்ப முடியாது! மீல் மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்வது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்த பெரிய பங்கு சோயா புண்ணாக்கு. ஆக, துறையூர் மக்காச்சோளமும் மத்தியப் பிரதேசத்துச் சோயாவும் நாமக்கல்லில் ஒரே தீவன மூட்டைக்குள் போகின்றன. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் தேடினால் சோயா விவசாயியின் கதைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்தில் சோயா பயிர் இல்லை என்றே சொல்லலாம். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மூன்று மாநிலங்களில்தான் பெரும்பகுதி விளைகிறது. அங்கேயும் நம்மைப்போல இரண்டு ஏக்கர், நான்கு ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஒரு குவிண்டால் சோயாவை ஆட்டினால் எண்ணெய் 18 முதல் 20 கிலோதான் வரும், மற்றது பெரும்பாலும் புண்ணாக்கு. அதனால் சோயா விலையை எண்ணெய்க்காரரும் பார்க்கிறார், கோழிப்பண்ணைக்காரரும் பார்க்கிறார். விவசாயிக்கு இரண்டு பக்கமும் பெரிய ஆட்கள்.

2021-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் சோயா குவிண்டால் 10,000 ரூபாயைத் தொட்டது. அரசு அறிவித்திருந்த குறைந்தபட்ச ஆதரவு விலை 3,950 ரூபாய்தான். புண்ணாக்கு விலை எகிறியதும் கோழிப்பண்ணை சங்கங்கள் டெல்லிக்கு ஓடின. "தீவனம் வாங்க முடியலை, வெளிநாட்டிலிருந்து இறக்க அனுமதி கொடுங்க" என்று கேட்டன. மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட நம் நாட்டில் அனுமதி இல்லை. ஆனால் அரைத்துப் புண்ணாக்கான பிறகு அதில் உயிருள்ள விதை எதுவும் இல்லை என்று சொல்லி, 2021 ஆகஸ்டில் 12 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அரசு வழிவிட்டது.

இந்தூரில் இருக்கும் சோயா ஆலைக்காரர்கள் சங்கம் இதை எதிர்த்தது. அறுவடை வரப்போகிற நேரத்தில் இப்படிச் செய்தால் விவசாயி பாதிக்கப்படுவான் என்றது. உண்மைதான். அக்டோபரில் புதுச் சரக்கு வந்தபோது விலை ஐந்தாயிரத்தையொட்டி இறங்கிவிட்டது. "ஆதரவு விலையைவிட அதிகம்தானே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். விதை விலை ஏறியிருந்த நேரத்தில் கடன் வாங்கி விதைத்தவருக்கு அந்தக் கணக்கு எப்படிச் சரிப்படும்?

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கோழிப்பண்ணைக்குப் பேச ஆள் இருந்தது, ஆலைக்குப் பேச ஆள் இருந்தது. விவசாயியின் பெயரை ஆலைக்காரர்கள்தான் சொன்னார்கள். விவசாயியே அந்த அறைக்குள் நுழைந்து பேசியதாகத் தெரியவில்லை.

கோழிப்பண்ணைக்காரர்களைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. வியாபாரி வைத்ததே விலை என்று இருந்த காலத்தில், நம் முட்டைக்கு நாமே விலை சொல்வோம் என்று 1982-ல் அவர்கள் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உண்டாக்கினார்கள். அந்தக் குழுவின் விலையைத்தான் நாமக்கல் விலை என்று பேப்பரில் பார்க்கிறோம். ஒன்று சேர்ந்தார்கள், சாதித்தார்கள். மக்காச்சோளத்துக்கு அப்படி ஒரு குழு உண்டா?

அரை டாலர் சந்தா

அமெரிக்காவில் சோயா விவசாயிகளுக்கு 1920-லேயே ஒரு சங்கம் ஏற்பட்டது. அமெரிக்க சோயா சங்கம் என்று பெயர். அரசிடம் போய்ப் பேசுவது அதன் வேலை, செலவுக்கு உறுப்பினர் சந்தா. இதோடு 1991 முதல் இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது. விவசாயி சோயாவை விற்கும்போதே 100 டாலருக்கு அரை டாலர் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் பாதி மாநில அமைப்புக்கு, பாதி தேசிய வாரியத்துக்கு. அந்தப் பணம் ஆராய்ச்சிக்கும் சந்தை தேடுவதற்கும் மட்டும்தான், அரசியல் சிபாரிசுக்கு அதைத் தொடக்கூடாது என்பது சட்டம். நம் குழுவில் சேமிப்புக் கணக்கையும் கடன் கணக்கையும் தனித்தனியே வைக்கிறோமே, அந்த மாதிரி.

அந்தச் சங்கத்துக்கு எவ்வளவு தைரியம் என்று 2025-ல் பார்த்தோம். வரிச் சண்டையில் அமெரிக்கச் சோயா வாங்குவதை சீனா நிறுத்திக்கொண்டது. சோயா ஏற்றுமதியில் பாதியளவு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டில் சங்கத் தலைவர் ஜனாதிபதி டிரம்புக்கே கடிதம் எழுதி, விவசாயி விளிம்பில் நிற்கிறான், சீனாவுடன் பேசி முடியுங்கள் என்று கேட்டார். அக்டோபர் 30-ம் தேதி இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்த பிறகு மறுபடி வாங்க சீனா ஒப்புக்கொண்டது. கடிதத்தால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் கடிதம் போடவும், அதைப் படிக்க வைக்கவும் ஒரு சங்கம் இருந்தது. அவர்களுக்கு நூற்றுக்கணக்கில் ஏக்கர் நிலம், பின்னால் பெரிய கம்பெனிகள். அவர்கள் குரல் வலுத்தால் அவர்கள் சோயா நம் துறைமுகத்தைத்தான் தேடி வரும். அதையும் மறக்கக் கூடாது.

ஈரப்பதமும் எண்ணெய் வரியும்

2024-ல் நம் நாட்டுச் சோயா விவசாயிகளே வீதிக்கு வந்தார்கள். ஆதரவு விலை 4,892 ரூபாய், ஆனால் மண்டியில் நாலாயிரத்துக்கும் கீழே கேட்டார்கள். 6,000 ரூபாய் வேண்டும் என்று மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராக மனு கொடுத்தார்கள், டிராக்டர் பேரணி நடத்தினார்கள். 6,000 கிடைக்கவில்லை. ஆனால் ஆதரவு விலையில் கொள்முதல் செய்ய செப்டம்பரில் அனுமதி வந்தது. ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பியபோது அதற்கும் குரல் கொடுத்து, நவம்பரில் 15 சதவீதம் வரை தளர்வு வாங்கினார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்து 17 சதவீதத்துக்குக் காயவைத்த நம் லால்குடி சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்! 2022-ல் மழையில் நனைந்த நெல்லுக்கு 19 சதவீதம் வரை தளர்வு கிடைத்ததும் கேட்டதால்தான்.

அதே 2024 செப்டம்பரில் பாமாயில், சோயா, சூரியகாந்தி கச்சா எண்ணெய்க்கான இறக்குமதி வரி மொத்தத்தில் 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஏற்றப்பட்டது. வெளிநாட்டு எண்ணெய் மலிவாக வந்து குவிந்தால் உள்ளூர் சோயாவுக்கும் கடலைக்கும் விலை நிற்காது என்பதற்காக. நம் நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதனால் தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கிய நாம் கூடுதலாகக் கொடுத்தோம். 2025 மே கடைசியில் வரியை 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்போது விவசாயி முணுமுணுத்தார்.

இதில் நாம் எந்தப் பக்கம்? கூட்டத்தில் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். பலகாரம் போட்டு விற்கும் உறுப்பினருக்கு வரி குறைய வேண்டும். மணப்பாறை, முசிறி பக்கம் கடலை போடும் உறுப்பினருக்கு வரி இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே கூட்டமைப்பில்தான் இருக்கிறார்கள், சில வீடுகளில் இரண்டு பேரும் ஒரே ஆள்! எங்கள் எண்ணம் இதுதான்: ஏழை வீட்டு எண்ணெயை ரேஷன் வழியாக மானியத்தில் கொடுப்பது அரசின் வேலை. அந்தச் சுமையை விவசாயியின் விலையில் இறக்கக் கூடாது. பாமாயிலோடு கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெயும் ரேஷனில் வேண்டும் என்று தமிழ்நாட்டு விவசாயிகள் கேட்பது இதனால்தான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

நம் உழைப்புக்கு என்ன கணக்கு?

ஆதரவு விலையைப் பரிந்துரைப்பது டெல்லியில் உள்ள வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம். 2025-26-ல் சோயாவுக்குக் குவிண்டாலுக்குச் செலவு 3,552 ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் பாதியைச் சேர்த்து 5,328 ரூபாய் அறிவித்தார்கள். கடலைக்கு இதே கணக்கில் 7,263. மக்காச்சோளத்துக்கு 2,400. அந்தச் செலவில் கையிலிருந்து கொடுத்த காசோடு, கூலி வாங்காத குடும்ப உழைப்பும் சேரும். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு சேராது. அதையும் சேர்க்க வேண்டும் என்பது விவசாய சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இருந்த விவசாயிகள் ஆணையத்தின் பெயரை அவர்கள் அடிக்கடி சொல்வது இதற்காகத்தான்.

குடும்ப உழைப்பு என்றால் யாருடையது? களை எடுப்பது, கதிர் ஒடிப்பது, காயவைத்துத் தூற்றுவது எல்லாம் பெரும்பாலும் நாம்தான். ஆணையத்துக்கான கணக்கைத் தேர்ந்தெடுத்த சில பண்ணைகளில் எடுக்கிறார்கள், நம் நோட்டு நேராக அங்கே போகாது. ஆனால் மனு கொடுக்கும்போது "கட்டுப்படியாகலைங்க" என்று வாயால் சொல்வதற்கும், நாள்வாரியாக எழுதியதைக் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

எங்கே போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. கொள்முதல், எடை மோசடி, பயிர்க் காப்பீடு போன்றவற்றை அங்கே பேசலாம். மக்காச்சோளத்துக்கு நெல்லைப்போல ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இல்லை என்பதையும் அங்கேதான் எழுப்ப வேண்டும். இறக்குமதி வரியும் அனுமதியும் கலெக்டர் கையில் இல்லை, டெல்லி சமாச்சாரம். அதற்கு எம்.பி.யிடம் மனு கொடுக்க வேண்டும். ஸ்ரீரங்கம், திருவெறும்பூர் குழுக்கள் திருச்சி எம்.பி.க்கும், லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் குழுக்கள் பெரம்பலூர் எம்.பி.க்கும், மணப்பாறை குழுக்கள் கரூர் எம்.பி.க்கும் கொடுக்க வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலை இணைத்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

மக்காச்சோளம், கடலை போடும் குழுக்கள் விதைப்பு முதல் ஒரு நோட்டு போட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வரவும். விற்ற சீட்டு இருந்தால் அதையும் ஒட்டி வையுங்கள். துறையூர் அக்கா அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். முதல் பக்கத்தில் அவர் எழுதியது: "களை எடுப்பு. நானும் மருமகளும். நாலு நாள். கூலி இல்லை."