பழைய மீன் தொட்டிக்கும் 'உறை' ஊற்ற வேண்டும்!

முத்தாபுதுப்பேட்டையில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால், மாற்றல் உத்தரவு வந்த குடும்பங்கள் கட்டில், சைக்கிள், பூந்தொட்டி என்று பல சாமான்களைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கண்ணாடித் தொட்டியை லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுபோக யாருக்குத் தைரியம் வரும்? அப்படித்தான் எங்கள் வீட்டுக்கும் ஒரு மீன் தொட்டி வந்து சேர்ந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம்.

"அம்மா, இன்னிக்கே மீன் வாங்கலாமா?" என்று குதித்தான் ஆறு வயது மகன்.

"ஒரு மாசம் ஆகும்டா கண்ணா" என்றேன்.

"தொட்டி கழுவ ஒரு மாசமா?" என்று சிரித்தார் பக்கத்து வீட்டு அக்கா.

கழுவ இரண்டு நாள் போதும், சகோதரிகளே! மீதி நாட்கள் எதற்கு என்பதுதான் முக்கியம். மீன் வாங்கிய வாரத்திலேயே செத்து மிதப்பதும், குழந்தை அழுவதும், தொட்டி மொட்டை மாடிக்குப் போவதும் பெரும்பாலும் அது தெரியாததால்தான்.

முதலில் ஒழுகுகிறதா பாருங்கள்

இந்த அளவுத் தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ! கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்தால் 70 கிலோவைத் தாண்டும். ஆகவே சாதாரண அலமாரித் தட்டு தாங்காது. உறுதியான, ஆட்டமில்லாத மேஜை வேண்டும். அடியில் தெர்மோகோல் விரித்து அதன்மேல் வையுங்கள். நிரப்பிய தொட்டியை ஒருபோதும் நகர்த்தக் கூடாது.

சோதனையை வராந்தாவில் செய்வது நல்லது. சமமான தரையில் தெர்மோகோல் போட்டுத் தொட்டியை வைத்து, சுற்றிலும் பழைய செய்தித்தாளை விரியுங்கள். முதலில் பாதி, பிறகு முழுதும் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். காகிதம் நனைந்தால் ஒழுகல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மூலையில் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கான் பசையைப் பூச வேண்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்புப் பசை வேண்டாம். அதிலுள்ள மருந்து மீனுக்கு விஷம். கண்ணாடியே விரிசல் விட்டிருந்தால் தொட்டியின் ஆசையை விட்டுவிடுங்கள்.

சோப்பு வேண்டவே வேண்டாம்

பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பவுடர் எதுவும் கூடாது. எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, மீனின் செவுளைக் கெடுக்கும்.

நம் பக்கத்து போர் தண்ணீரில் வாளியில் படிகிறதே வெள்ளைக் கறை, அதேதான் பழைய தொட்டியிலும் படிந்திருக்கும். அது சுண்ணாம்பு. வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து, கறையின்மேல் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். இளகிவிடும். பச்சைப் பாசியைப் பழைய பிளேடால் சுரண்டலாம். ஆனால் மூலையிலுள்ள பசையில் பிளேடு படக்கூடாது.

முன்பு இருந்த மீன்களுக்கு என்ன நோய் இருந்ததோ, நமக்குத் தெரியாது. அதனால் கிருமி நீக்கமும் அவசியம். வாசனை சேர்க்காத ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 20 பங்கு தண்ணீர் கலந்து, 10 முதல் 15 நிமிடம் தொட்டியில் விட்டு, நாலைந்து முறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை! ப்ளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைப் பாதிக்கும் நச்சு. ஒரு நாள் வினிகர் வேலை. சுத்தமாக அலசிவிட்டு, மறுநாள் ப்ளீச். கையுறை போட்டுக்கொண்டு வெளியிடத்தில் செய்யுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வரவேண்டாம்.

பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். கூழாங்கல்லை அரிசி களைவதுபோல, தண்ணீர் தெளியும்வரை களையுங்கள். கல்லில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

இனி அந்த ஒரு மாதம்

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும்; அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த நுண்ணுயிர்களை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மண்ணிலிருந்து பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராத்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி.

பளபளவென்று கழுவிய தொட்டியில் இவை இருக்காது. பாலை எவ்வளவு சுத்தமாகக் காய்ச்சினாலும் உறை ஊற்றாமல் தயிராகுமா? அதே கதைதான்!

தண்ணீர் நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அமோனியா வரும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும். இப்படி 4 முதல் 6 வாரம் ஆகும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் சிநேகிதி இருந்தால், அவர் ஃபில்டரின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அதுதான் உறை! அவர் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துக் கொண்டுவந்து உடனே போட்டுவிட்டால், நாட்கள் குறையும்.

லாரித் தண்ணீர், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனோடு இந்தப் பாக்டீரியாவையும் கொல்லும். மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் துளிகளை, புட்டியில் சொன்ன அளவில் கலந்த பிறகே ஊற்றுங்கள்.

மீன் இல்லாத தண்ணீர் கொசுவுக்குக் கொண்டாட்டம். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஆகவே தொட்டியைக் கொசுவலைத் துணியால் இறுக மூடி வையுங்கள்.

"எப்போ தயார்னு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டார். கொளத்தூரில் வரிசையாக இருக்கும் வண்ணமீன் கடைகளில் தண்ணீர் சோதிக்கும் துளிகள் கிடைக்கும். தீனி போட்டுவரும்போதே அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தயார்.

மீன் வரும் நாள்

முதலில் மூன்று, நான்கு கப்பி மீன் போதும். பையோடு 20 நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் கழுவினால் உறை போய்விடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிட வேண்டாம். கைவிடுமுன் மின்சார இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள்.

'டேங்க் கிளீனர்' மீனைக் கடைக்காரர் சிபாரிசு செய்வார். அது ஓரடிக்கு மேலும் வளரும். இரண்டடித் தொட்டிக்கு ஆகாது. வளர்ந்தபின் ஏரியில் கொண்டுபோய் விடுவதும் தவறு. நம் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

காத்திருக்கும் நாட்களில் குழந்தைகளுக்கும் வேலை கொடுங்கள். தினம் அந்தச் சிட்டிகைத் தீனியைப் போடுவதும், காலண்டரில் ஒரு கோடு போடுவதும் அவர்கள் பொறுப்பாக இருக்கட்டும்.