படத்தின் அகலமும் உயரமும்

திரைப்படங்களை வீட்டில் வைத்துக் காண்பதற்கென டி.வி.டி., ப்ளூ-ரே தட்டுகளை வாங்குவோர் நடிகர் பெயரையும் விலையையும் நோக்குவர். உறையின் பின்புறத்தில் 1.33, 1.66, 1.85, 2.35 எனச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நோக்குவோர் சிலரே. படத்தின் உயரத்தை ஒன்றெனக் கொண்டால் அகலம் எத்துணை என்பதையே அவ்வெண் குறிக்கின்றது. ஒரே படம் இருவேறு எண்களுடன் வெளிவருதலும் உண்டு. அவற்றுள் எதனைத் தெரிந்துகொள்வது? நம் நீலகிரியிற் பிடிக்கப்பெற்ற இரண்டு படங்களைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

முதலாவது, மணிரத்னம் இயக்கி 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தில் சே'; தமிழில் 'உயிரே'. நம் மலை இரயிலின் கூரைமீது ஆடிப் பாடும் காட்சியை அறியாதார் அரியர். இப்படத்தின் வடிவு 2.35. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவோ 1.33. பெட்டி முழுவதும் நிரம்ப வேண்டுமெனின் படத்தின் இரு பக்கங்களையும் வெட்டவேண்டும். அவ்வாறு வெட்டினால் நூற்றுக்கு 43 பங்கு மறைந்துபோம். நீண்ட இரயில் குறுகும், ஆடுவோர் வரிசை அறுபடும், மலைச்சரிவு காணாமற்போம். இன்றைய 1.78 வடிவுள்ள பெட்டியை நிரப்பினும் ஏறத்தாழக் காற்பங்கு இழப்பே. மேலும் கீழும் கரும்பட்டையோடு தோன்றும் பதிப்பில்தான் படம் முழுமையாக உளது.

அங்ஙனமாயின், அகன்ற படமே எப்பொழுதும் சிறந்ததோ? அன்று. டேவிட் லீன் இயக்கிய 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) இதற்குச் சான்று. 'லாரன்ஸ் ஆப் அரேபியா'வை மிக அகன்ற திரைக்கென எடுத்த அவர், தம் கடைசிப் படமாகிய இதனை அத்துணை அகலமாக எடுத்தாரல்லர். கதையில் மராபார் குகைகளுக்குச் செல்லும் இரயில், உண்மையில் நம் மலை இரயிலே. விக்டர் பானர்ஜி ஏற்ற டாக்டர் அசீஸ் ஓடும் வண்டியின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு செல்லும் காட்சியை நினைவுகூர்க. இப்படம் 1.85, 1.66 ஆகிய இரு வடிவுகளிலும் தட்டுகளாக வந்துளது. அகலம் ஒன்றாயிருக்க, 1.66-ஐ 1.85 ஆக்கினால் உயரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். சமவெளியில் அது சிறு குறையாகலாம். மேலே மலையும் கீழே பள்ளமுமாய் அமைந்த காட்சிக்கோ அது பெருங்குறை. இன்றைய பெட்டியில் 1.66 பதிப்பின் இரு பக்கங்களிலும் மெல்லிய கரும்பட்டை தோன்றும். அது கண்டு, படம் குறைந்துவிட்டதென்று மயங்குதல் கூடாது. கரும்பட்டை படத்தை மறைப்பதன்று. பெட்டிக்கும் படத்திற்கும் வடிவு ஒவ்வாமையைக் காட்டுவதே.

பழம்படங்களுக்கு இன்று நேரும் தீங்கும் இத்தகையதே. 'சந்திரலேகா' (1948) எடுக்கப்பெற்ற காலத்தில் 1.37 வடிவே வழக்கிலிருந்தது. சினிமாஸ்கோப் 1953-இல் 'தி ரோப்' என்னும் படத்தோடு வந்தது. தமிழில் 1973-இல் 'ராஜராஜ சோழன்' படத்தோடு புகுந்தது. எனவே பழைய படமொன்றை இன்றைய பெட்டி நிரம்புமாறு வெட்டினால், முன்னது பக்கங்களை இழந்தது போல, இது தலையையும் காலையும் இழக்கும். ஆடுவோரின் பாதத்தைக் காட்டாத நடனத்தாற் பயன் யாது? வெட்டாது இழுத்து நிரப்பினாலோ, மெலிந்தாரும் பருத்துத் தோன்றுவர்.

இனி, சில வேளைகளில் படச்சுருளில் திரைக்கு வாராத பகுதியும் பதிந்திருக்கும். அதனைத் திறந்துகாட்டும் பதிப்பில் உயரம் மிகும். ஆயின் ஒலிவாங்கியும் விளக்கும் உடன் தலைகாட்டக் கூடும். ஆதலின், மிகுதியாகக் காட்டுவதே நன்றென்பதும் பொருந்தாது.

எனவே வாங்குமுன் வினவத்தக்கது ஒன்றே: கொட்டகையிற் காட்டுவதற்கு இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் வகுத்த வடிவு யாது? அதற்கு மிக அணித்தாயுள்ள பதிப்பைக் கொள்க. பெட்டி நிரம்பவேண்டுமென்று படத்தை வெட்டுதல், சட்டத்திற்கு ஏற்பச் சித்திரத்தை அறுத்தல் போலாம். நம் மலையையும் இரயிலையும் காணாத நாட்டார் பலர் இப்படங்களின் வாயிலாகவே அவற்றை அறிகின்றனர். அவர்கள் காண்பது முழு மலையாக இருத்தல் வேண்டுமன்றோ!