பட்டறைப் பாடங்கள் – 14: அழுக்கைப் படித்தல்

போன வாரம் ஸ்க்ரூவைப் பார்த்தோம். பிளாஸ்டிக் தானாவை (மணிகளை) உருக்கி, பிசைந்து, முன்னால் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. உருகிய பிளாஸ்டிக் அங்கிருந்து நேராக, வடிவம் கொடுக்கும் டைக்குப் போய்விடாது. தேங்காய்ப்பாலுக்குத் துணி பிடிப்பதுபோல நடுவில் ஒரு வடிகட்டி உண்டு. வட்டமாக வெட்டிய நாலைந்து கம்பிவலைகள். பட்டறையில் 'மெஷ்' என்பார்கள். அவற்றுக்கு முதுகு கொடுக்க, துளைகள் போட்ட தடித்த இரும்புத் தட்டு ஒன்று. அதற்குப் பெயர் பிரேக்கர் பிளேட். மெஷினில் கைக்கு மலிவாகக் கிடைப்பது இந்த மெஷ்தான். அதனாலேயே அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

கோவைப் பக்கம் ஒரு பட்டறை. பழைய கவர்களைக் கழுவி அரைத்த தானாவில், கட்டடத் தளத்துக்கு விரிக்கும் கருப்பு ஷீட் ஓட்டுகிறார்கள். நான் போன அன்று, ஷீட்டாகப் போகிற, டைக்கு மேலே ஊதி நின்ற பலூன் அரை மணிக்கு ஒரு தடவை கிழிந்துகொண்டிருந்தது.

"மெஷ் புதுசு சார். காலையிலதான் மாத்தினேன்" என்றார் ஆபரேட்டர்.

"எத்தனாம் நம்பர்?"

"அறுபது."

60 மெஷ் என்றால் ஓர் அங்குலத்துக்கு 60 கண்கள். 25.4 மி.மீ.யை அறுபதால் வகுத்தால் 0.42 வரும். அதில் கம்பியின் கனம் போக, கண்ணின் அகலம் சுமார் 0.25 மி.மீ.; அதாவது 250 மைக்ரான். ஓடிக்கொண்டிருந்த ஷீட்டின் கனமோ 60 மைக்ரான். தன்னைவிட நாலு மடங்கு பெரிய மண் துகள் உள்ளே வந்து உட்கார்ந்தால் பலூன் கிழியாமல் என்ன செய்யும்? அதே துகள் 3 மி.மீ. கனமுள்ள குழாய்க்குள் போனால், பெரும்பாலும் வெளியே தெரியவே தெரியாது. செய்யப்போகும் பொருளின் கனத்தைக் கேட்டுவிட்டுத்தான் மெஷ்ஷைத் தொடவேண்டும். வாங்கும்போது நம்பரோடு கம்பியின் கனத்தையும் கேளுங்கள். ஒரே 60 நம்பரில் கம்பி தடித்தால் கண் சிறுக்கும்.

"அப்ப எடுத்தவுடனே 200 போட்டுடலாமா?" என்றார். அதன் கண் சுமார் 75 மைக்ரான். அழுக்குத் தானாவை நேராக அதில் விட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பிரஷர் ஏறும், உற்பத்தி குறையும், உருகியது உள்ளேயே சுழன்று சூடேறிக் கருகும். அதனால்தான் அடுக்கு. 20, 60, 100, கடைசியில் பிரேக்கர் பிளேட்டை ஒட்டி மறுபடி 20. முன்னால் இருக்கும் 20 பெரிய அழுக்கைப் பிடிக்கும். பின்னால் இருக்கும் 20 எதையும் வடிகட்டாது. நைஸ் மெஷ் தட்டின் துளைகளுக்குள் பிதுங்கிக் கிழியாமல் தாங்குவதுதான் அதன் வேலை.

அப்படி மாற்றினோம். கிழிவது நின்றது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் பிரஷர் கேஜின் முள் எகிறியது. மெஷ் மாற்றும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, இந்த முள்தான் சொல்லும். புது மெஷ் போட்டதும் முள் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டால், எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். மெஷ் கிழிந்திருக்கும். ஹீட்டர் முழுச்சூடு ஏறுமுன் ஸ்க்ரூவை ஓட்டினாலும் இதே கதிதான்.

மெஷினை நிறுத்தி, பிரஷர் இறங்கிவிட்டதா என்று பார்த்து, நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று திறந்தார். உள்ளே இருப்பது 200 டிகிரிக்குப் பக்கம். தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். தட்டைப் பித்தளைத் தகட்டால் சுரண்டினார். இரும்பால் சுரண்டினால் கீறல் விழும், கீறலில் பிளாஸ்டிக் தங்கிக் கருகும். சூடு இருக்கும்போதே மெஷ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வழக்கம்போலத் தகர டின் பக்கம் கொண்டுபோனார்.

"அதை இப்படிக் கொடுங்க" என்றேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மெஷ்ஷில் கருப்புப் பொறிகள் இருந்தால், ஸ்க்ரூ சுழலும் பேரலில் எங்கோ தேங்கிக் கருகுகிறது. காந்தத்தில் ஒட்டும் சீவல் இருந்தால் ஸ்க்ரூவோ பேரலோ தேய்கிறது. ஓரத்தில் மட்டும் அழுக்கு வழிந்திருந்தால் மெஷ் அளவு சின்னதாக வெட்டப்பட்டு, சந்து வழியாகக் கசிகிறது. இவர் மெஷ்ஷில் இருந்தது மணலும், லேபிள் காகித நாரும். கோளாறு மெஷினில் இல்லை; கொல்லையில், கழுவும் தொட்டியில்.

தொட்டித் தண்ணீரை மாற்றி நாளாகியிருந்தது. பக்கத்தில் ஒரு கரிந்த தகரப் பீப்பாய். பழைய மெஷ்களைக் கொளுத்தி மறுபடி போடுவார்களாம். எரிந்த கம்பி பலம் இழந்து, அடுத்த முறை சீக்கிரம் அறும். பிவிசி துண்டு கலந்திருந்தால் வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் டையாக்சினும் இருக்கும். சில ரூபாய் மிச்சத்துக்கு அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர் அதே ஆபரேட்டர்தான்.

மறுவாரம் போனேன். தொட்டியில் தெளிந்த தண்ணீர். அதே அடுக்கு, அதே மெஷின். மெஷ் மாற்றம் ஷிஃப்டுக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. சுவரில் ஓர் ஆணி, அதில் கழற்றிய மெஷ்கள் தேதி எழுதி வரிசையாகத் தொங்கின.

அடுத்த வாரம்: டையின் உதடு.

(தொடரும்)