காற்றில் பறக்கும் கூந்தலும் கணினித் தூரிகையும்

எங்கள் பள்ளியில் கூந்தல் பறப்பதற்கு வழியே இல்லை. எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டித்தான் வருவோம். ஆகவே காற்றில் கூந்தல் எப்படி அசையும் என்பதை மாமல்லபுரம் சுற்றுலாவில்தான் நன்கு கண்டோம். கடற்கரைக் கோயிலருகே எங்கள் தோழி ஒருத்தியின் ஒரு சடை அவிழ்ந்துவிட்டது. சிஸ்டர் கைப்பேசியில் அதைப் படம் பிடித்தார். தந்தைக்கு மாற்றல் வந்ததால் அரையாண்டுத் தேர்வோடு அவள் எங்களைப் பிரியவிருந்தாள். அந்தப் படத்தைக் கணினியில் ஓவியமாக வரைந்து அவளுக்கு அளிப்பதென நாங்கள் நால்வர் முடிவு செய்தோம்.

முதல் முயற்சி படுதோல்வி! ஒவ்வொரு முடியாக வரையத் தொடங்கினோம். மனிதர் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளனவே! ஒளித்து வைத்திருந்ததை அவளே கண்டுபிடித்து, “என்னடி இது, இடியாப்பத்தைத் தலையில கவிழ்த்த மாதிரி இருக்கு?” என்றாள். ஓவிய ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. “முடியை வரையாதீர்கள், கற்றையை வரையுங்கள்” என்றார்.

அதன் பிறகே உற்று நோக்கினோம். முடிகள் தனித்தனியே பறப்பதில்லை. எண்ணெயாலும் உராய்வாலும் ஒட்டிக் கற்றை கற்றையாகவே எழுகின்றன. வேர் தலையில் ஊன்றியிருப்பதால் அங்கே அசைவு குறைவு; நுனியில்தான் துள்ளல். காற்று வரும் பக்கத்தில் கூந்தல் தலையோடு படிந்துவிடும். மறுபக்கத்தில்தான் கொடிபோல அலையலையாய் விரியும். நெற்றியோரக் குறுமுடிகளோ மெல்லிய காற்றுக்கே எழுந்துவிடும். கற்றைகள் எல்லாம் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் இருந்தால் அது சீப்புப் பல்லாகிவிடும், கூந்தலாகாது.

லியொனார்டோ டா வின்சி ஓடும் நீரின் சுழிப்பைக் கூந்தலோடு ஒப்பிட்டுக் குறிப்பு எழுதினார். கூந்தலில் இரண்டு அசைவுகள் உண்டாம்: ஒன்று அதன் எடையால் வருவது, மற்றொன்று சுருளின் போக்கால் வருவது. போட்டிச்செல்லி 1485-ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ‘வீனஸின் பிறப்பு’ ஓவியத்தில் காற்றுத் தேவன் இடப்புறமிருந்து ஊதுகிறான். வீனஸின் கூந்தல் வலப்புறம் பறக்கிறது. காற்று எங்கிருந்து வருகிறது என்ற ஐயமே பார்ப்பவருக்கு எழாது.

நாங்கள் பயன்படுத்தியது ‘கிரீட்டா’ என்னும் இலவச மென்பொருள். மூன்று லேயர்கள் வைத்தோம்: அடியில் கூந்தலின் மொத்த உருவம், நடுவில் கற்றைகள், மேலே பிரிந்து பறக்கும் சில இழைகள். மின்பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும்; எனவே வேரில் அழுத்தி நுனியில் தளர்த்தினோம். மணிக்கட்டை அசைத்தால் கோடு நடுங்குகிறது. முழங்கையிலிருந்து விசையாக இழுக்க வேண்டும். அழிப்பானும் ஒரு தூரிகையே! அதனால் கற்றைகளுக்கிடையே கீறியதும் பின்னாலுள்ள வானம் தெரிந்தது; கூந்தல் சட்டென எடை குறைந்து எழுந்தது. கருங்கூந்தலுக்குக் கறுப்பு நிறம் மட்டும் போதாது. நிழலில் அடர்பழுப்பு, வளைவின் மேட்டில் வானத்தின் நீலம், வெயில் ஊடுருவும் ஓரத்தில் செம்பழுப்பு எனச் சேர்த்த பின்னரே உயிர் வந்தது.

தேர்வின் கடைசி நாளன்று அச்சிட்டுக் கொடுத்தோம். அவள் வெகுநேரம் பேசாமல் பார்த்தாள். பிறகு, “ரிப்பனுக்கு மட்டும் காத்து அடிக்கலையா?” என்றாள்.

உண்மைதான். நால்வரும் முடியையே பார்த்துக்கொண்டிருந்ததில், மறு சடையின் ரிப்பனை நேராகத் தொங்கவிட்டிருந்தோம்.